தாளின் பின்பக்கம்

என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய சூட்கேஸ் இருக்கிறது. மூன்றரை வருஷமாக நான் வாட்டர்கலரில் வரைந்த தாள்கள் எல்லாம் அதற்குள்தான். முன்பக்கம் பார்த்தால் சொம்பு, சொம்பு, மறுபடியும் சொம்பு, அப்புறம் குளத்துப் படிக்கட்டு, படகு, மழை வருவதற்கு முந்தைய வானம். திருப்பினால் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஒரே ஒரு வரி. "நவம்பர் 14, காலை 5.40, ஃபேன் இல்லை, வெளியே தூறல், 19 நிமிஷம்." "மே 9, காலை 6.10, ஃபேன் ஓடுது, 6 நிமிஷம்." "மே 11, மொட்டை மாடி, காலை 10 மணி, 2 நிமிஷம் கூட இல்லை."

தாளில் பூசிய தண்ணீரின் பளபளப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் அந்தக் கணக்கு. எனக்கு ஓவியம் சொல்லித்தரும் சார் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் இது. வரையச் சொல்லவில்லை, கலர் வாங்கச் சொல்லவில்லை. ஒரு துண்டுத் தாளை எடு, முழுக்க நனை, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இரு, எப்போது பளபளப்பு போகிறதோ அப்போது மணியைப் பார்த்து எழுது. தினமும் எழுது. அவ்வளவுதான்.

அவரைச் சந்தித்தது மயிலாப்பூர் சித்திரக்குளத்தில். ஒரு சனிக்கிழமை காலை காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, கரையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுப் பெரியவர் ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, பையில் இருந்த கீரை வாடிப்போகும் அளவுக்கு நின்றிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, "நிக்கிறது யாரா இருந்தாலும் சரி, இந்தத் தண்ணிய மட்டும் மாத்திக் கொடுங்க" என்று மக்கை நீட்டினார். மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம் என் படங்களை எடுத்துக்கொண்டு போனேன்.

அதற்கு முன் ஒரு ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டிப் படித்திருந்தேன். அதில் ஆசிரியர் ஒரு கோடு போட்டால் நாமும் ஒரு கோடு, அவர் நீலம் தொட்டால் நாமும் நீலம். எட்டு மாதத்தில் என்னிடம் பார்க்க அழகான இருபது படங்கள் சேர்ந்துவிட்டன. ஏரி, பனி மூடிய மலை, மர வீடு. நான் ஏரியையும் பார்த்ததில்லை, பனியையும் பார்த்ததில்லை. ஒருநாள் என் வீட்டு பால்கனியில் காயும் துணியை வரையலாம் என்று உட்கார்ந்தபோது எங்கே தொடங்குவது என்றே கை ஓடவில்லை. அன்றைக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது. சார் அந்த இருபது படங்களையும் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். மோசம் என்று சொல்லவில்லை. "இதுல நீ பார்த்தது எதும்மா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 70களில் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1850இல் தொடங்கிய கல்லூரி அது. அப்போது எஸ். தனபால் அங்கே முதல்வர். தனபால், தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவர். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே ராய் சௌத்ரிதான், 1929 முதல் 1957 வரை அந்தக் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். ராய் சௌத்ரி, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். அவனீந்திரநாத், ஜப்பானிலிருந்து வந்த ஓவியர்களிடம் பார்த்து, படத்தையே தண்ணீரில் நனைத்து எடுத்து மேலே மேலே வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த கலரின் மெல்லிய பூச்சு, கொடுக்கும் முறையை எடுத்துக்கொண்டவர். சார் இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்வதில்லை. ஒரு நாள் நான் நனைந்த தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு, இது எனக்குத் தேவையா என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னார். தண்ணீர் எப்போது காயும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களின் வரிசை ஒன்று இருக்கிறது, அதன் கடைசியில் என் அடுக்களை ஜன்னல் ஓரமும் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது.

ஏன் இந்தப் பளபளப்புக்கு இவ்வளவு பாடு என்று வாட்டர்கலர் தொடாதவர்கள் கேட்கலாம். தாள் குளம் மாதிரி மின்னும்போது பிரஷ்ஷை வைத்தால் கலர் கட்டுக்கடங்காமல் ஓடும். கொஞ்சம் அடங்கி, பட்டுத்துணி மாதிரி லேசான மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது வைத்தால், ஓரம் மெத்தென்று பரவி நிற்கும், மேகத்துக்கும் தூரத்து மரத்துக்கும் அதுதான் வேளை. மினுமினுப்பு போய்விட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் தாள் இன்னும் ஜில்லென்று இருக்கிறது என்றால், அதுதான் ஆபத்தான நேரம். கண்ணுக்குக் காய்ந்த மாதிரி தெரியும். நம்பி ஈரப் பிரஷ்ஷை வைத்தால், புதுத் தண்ணீர் உள்ளே இருக்கும் கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறையை விட்டுவிடும். அதை எடுக்கவே முடியாது. முழுக்கக் காய்ந்து தாளில் குளிர்ச்சியும் போன பிறகு வைத்தால், கத்தியால் வெட்டின மாதிரி ஓரம் கிடைக்கும். இந்த நாலு நேரமும் ஒவ்வொரு தாளிலும் வந்து போகும், எப்போது வரும் என்பதை ஊரும் மாதமும் மின்விசிறியும் முடிவு செய்யும். குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் "பத்து நிமிடம் காத்திருங்கள்" என்று சொன்னால், அது அவர் வீட்டுப் பத்து நிமிடம். சென்னையில் கார்த்திகை மழையில் இருபது நிமிஷத்துக்கும் அடங்காது, அக்னி நட்சத்திரத்தில் மாடியில் உட்கார்ந்தால் பிரஷ்ஷைக் கழுவித் திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.

தாள் விஷயத்திலும் சார் கறார். நான் கொண்டுபோன கார்ட்ரிட்ஜ் நோட்டை (சாதாரண டிராயிங் தாள்) ஓரமாக வைத்துவிட்டார். "கலர்ல சிக்கனம் பண்ணு, நாலு டியூப் போதும். தாள்ல பண்ணாதே." பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் தாள் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஈரத்தை உள்ளே வாங்கி மெதுவாக, ஒரே சீராக விடும். மரக்கூழ்த் தாள் அங்கங்கே திட்டுத்திட்டாகக் காயும், அதில் நேரம் பழகவே முடியாது. விலையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. 22க்கு 30 அங்குல முழுத் தாளை எட்டாகக் கிழித்து, இரண்டு பக்கமும் வரைந்து (குறிப்பு எழுத ஓரத்தில் இடம் விட்டு) சமாளித்தேன். ஒரு ஐப்பசியில் தாள் கட்டை பால்கனிக் கதவு ஓரம் வைத்துத் தொலைத்தேன். ஈரக்காற்றில் தாளின் மேலுள்ள பசைப்பூச்சு போய், கலர் வைத்ததும் மை உறிஞ்சும் தாள் மாதிரி புள்ளி புள்ளியாகக் குடித்தது. பதினோரு முழுத் தாள். அன்றிலிருந்து தாள் பிளாஸ்டிக் உறைக்குள், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு ஒரு மாதம். அப்புறம் சொம்பு. சார் தன் வீட்டுப் பித்தளைச் சொம்பையே எடுத்துக் கொடுத்தார். அடியில் ஒரு நசுங்கல், கழுத்தில் புளி போட்டுத் தேய்த்த இடம் மட்டும் பளீரென்று இருக்கும். "ஒரு மண்டலம் போடு." 48 நாள், தினமும் அதே சொம்பு, அதே ஜன்னல். முதல் பன்னிரண்டு நாள் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னா பழுப்பும் கலந்த ஒரே சாம்பல் நிறத்தில் லைட் அண்ட் ஷேட் மட்டும். பித்தளையைப் பித்தளைக் கலர் இல்லாமல் பித்தளையாகக் காட்டு என்றார்.

காலை ஐந்தேகாலுக்கு எழுந்து ஆறரை வரை என் நேரம். அதற்கு மேல் குக்கர், டிபன் பாக்ஸ், பெண்ணின் ஸ்கூல் வேன், மந்தைவெளியில் ரயில். ஒன்றேகால் மணி நேரம் என்பது அதிகம் மாதிரி தெரியும், தாள் காயும் நேரத்தைக் கழித்தால் பிரஷ் தாளில் படுவது இருபது நிமிஷம்தான்.

மூன்றாவது நாளே சொம்பு சலித்துவிட்டது. ஒன்பதாவது நாள் அழுகை வந்தது. பதினேழாவது நாள் ஒன்று நடந்தது. சொம்பின் வயிற்றில் இடது பக்கம் ஒரு கறுத்த பட்டை இருக்கும், அதைச் சொம்பின் நிழல் என்றே தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சிவப்பு நைட்டி போட்டிருந்தேன். அந்தப் பட்டையின் நடுவில் லேசாக ஒரு சிவப்பு. குனிந்தேன், சிவப்பும் குனிந்தது. பதினாறு நாளாக நான் நிழல் என்று வரைந்தது என்னையேதான். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த என் உருவம் பித்தளையில் நீண்டு தெரிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, அது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வரும் வானம். அடுப்பு மேடையின் ஓரம், காலண்டரின் மூலை, எல்லாம் அந்தச் சொம்புக்குள் வளைந்து கிடந்தன. கை நடுங்கியது. சாருக்கு போன் பண்ணிச் சொன்னேன், அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை. "பதினேழு நாள்ல பார்த்துட்டியா, நல்லது" என்றார். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை.

அதில் எனக்குக் கொஞ்ச நாள் கோபம்கூட இருந்தது. சார் என் படத்தில் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஒரு கோட்டைக்கூடத் திருத்தியதில்லை. "இங்க கொஞ்சம் டோன் ஏத்து" என்பார், அதாவது இருட்டைக் கூட்டு என்று, எங்கே என்று கேட்டால், "நீ சொல்லு" என்பார். வேறு வகுப்புகளில் மாஸ்டர் கடைசியில் நாலு டச் கொடுத்துப் படத்தைத் தூக்கி நிறுத்திவிடுவார், பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுவார்கள். என் சூட்கேஸில் இருக்கும் எல்லாத் தாளிலும் நல்லதும் கெட்டதும் என் கைதான். இதை எனக்குக் கொடுத்ததற்காக அவரை நான் எப்படிக் கொண்டாடுவது என்று தெரியவில்லை.

அலுவலக வேலை நடுவே இதைத் தொடர முடியுமா என்று ஒருமுறை புலம்பினேன். முப்பத்தெட்டு வயதில் தொடங்கியிருக்கிறேனே என்றும் சொன்னேன். சார் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிச் சொன்னார். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான், 1936இல், அந்தக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தவர். பிறகு அதே கல்லூரிக்கு முதல்வர் ஆனார், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானார். ஆரம்பத்தில் அவர் வரைந்ததும் வாட்டர்கலரில் நிலக்காட்சிகளே. "உன் ரயில் எங்கெல்லாம் போகுது?" என்று சார் கேட்டார். தரமணி வரை என்றேன். "அப்போ ஆத்தைத் தாண்டுதுல்ல?"

அன்றிலிருந்து அதுவும் பயிற்சியில் சேர்ந்தது. பசுமைவழிச் சாலை ஸ்டேஷனுக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவில் ரயில் அடையாற்றைத் தாண்டும். சில வினாடிதான். அதற்குள் பார்க்க வேண்டும்: வானம் வெளிச்சமா, தண்ணீர் வெளிச்சமா? கரை எவ்வளவு இருட்டு? தாண்டியதும் கையடக்க நோட்டில் தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டு, பால்பாயின்ட் பேனாவால் மூன்றே டோனில் கிறுக்க வேண்டும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தண்ணீர் எப்போதும் வானத்தைவிட ஒரு பிடி இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மாலை நேரத்தில், மேகம் கனத்த ஒரு நாள், ஆறு வானத்தைவிட வெளிச்சமாகக் கிடந்தது. மேற்கே தொடுவானத்துக்குப் பக்கத்தில் மேகம் கிழிந்த ஒரு இடம், அதன் வெளிச்சம் முழுக்கத் தண்ணீரில் விழுந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் வாய்விட்டு "அடடா" என்றிருக்கிறேன் போல.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவோம். கபாலீசுவரர் கோயில் குளம், பட்டினப்பாக்கம், செங்கல் சிவப்புக்காக சென்ட்ரல் ஸ்டேஷன். கல்லூரி நாட்களில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் உட்கார்ந்துதான் கூட்டம் வரையப் பழகினாராம், 1985இல் தீப்பிடித்துப் போன மூர் மார்க்கெட். அவர் அதை இப்போதும் நினைவிலிருந்து வரைவார், எந்தக் கடைக்கு எந்தப் பக்கம் நிழல் விழும் என்பது உட்பட.

காசிமேடு போன ஒரு காலையைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் படகுகள் நெருக்கமாக நின்றன, மீன் வாடையும் டீசல் வாடையும். ஒரே ஒரு படகு, அதன் கயிறு, பின்னால் பனிமூட்டமாக மற்றப் படகுகள் என்று நான் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னணி நன்றாக வந்திருந்தது, மினுமினுப்பு நேரத்தில் சரியாக வைத்திருந்தேன், எனக்கே சந்தோஷம். கயிற்றை ஒரே இழுப்பில் நேராக இழுத்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். "யம்மா, கவுறு இப்டி வெறப்பா நிக்காது. தண்ணி ஏறி எறங்குதுல்ல, போட் முன்ன வரும்போது தொங்கும் பாரு." பார்த்தேன். படகு மெதுவாக முன்னால் வந்தது, கயிறு தொங்கி நடுப்பகுதி தண்ணீரைத் தொட்டது, பின்னால் போனது, கயிறு விறைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உதிர்ந்தது. ஒன்றரை மணி நேரமாக அதன் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்த அண்ணனிடம் கயிறு பற்றியே அரை மணி நேரம் கேட்டார், எந்தக் கயிறு, எத்தனை நாள் வரும், உப்பு ஏறினால் நிறம் எப்படி மாறும் என்று. தன் நோட்டில் எழுதியும் கொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர்.

போன ஆவணியில் சாருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் பிரஷ் தொடக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. அது முடிந்த பிறகு நான் போனபோது, சுவரில் மாட்டியிருந்த தன் படங்களை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பி வைத்திருந்தார். வலது கண்ணை மூடிப் பார்ப்பார், இடது கண்ணை மூடிப் பார்ப்பார், மறுபடி மாற்றுவார். புரை விழுந்த கண் பழைய வார்னிஷ் பூசின கண்ணாடி மாதிரி, எல்லாவற்றையும் மஞ்சளாகவே காட்டும். கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அது தெரியாது. ஆபரேஷன் ஆன கண்ணுக்குத் திடீரென்று நீலம் திரும்பி வருகிறது. கடைசி நாலைந்து வருஷப் படங்களை மட்டும் தனியாக ஒதுக்கினார். நிழல்களில் எல்லாம் நீலம் தூக்கலாக இருந்தது.

"இவ்ளோ நீலம் போட்டிருக்கேனே. நீ பார்க்கலையா?"

பார்த்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு முன்பே சித்திரக்குளத்துப் படத்தில் பார்த்தேன். படிக்கட்டு நிழல் அவ்வளவு நீலமாக எனக்குத் தெரியவில்லை, ஆனால் சார் போடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும், என் கண்ணுக்கு இன்னும் எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சில படங்களில் நானும் என் நிழல்களில் நீலத்தைக் கூட்டினேன். இதைச் சொன்னேன். சார் ரொம்ப நேரம் பேசவில்லை. சார் வீட்டு அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறியது.

"நான் போட்டதுக்காக நீயும் போட்டியா?" என்றார் கடைசியில். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம் இருந்தது. "சொல்லியிருக்கணும்மா. உன் கண்ணு சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கணும்."

அந்த வாரம் என் சூட்கேஸைத் திறந்து நீலம் கூட்டின ஆறு படங்களையும் எடுத்து, சித்திரக்குளத்துக்குப் போய் அதே இடங்களில் அதே நேரத்தில் மறுபடி போட்டேன். படிக்கட்டு நிழலில் நீலம் இருக்கிறது, ஆனால் எதிர்க் கரைச் சுவரிலிருந்து தெறிக்கும் ஒரு காவி அதை விழுங்கிவிடுகிறது. காவியை இரண்டாவது வாஷில் வைக்க வேண்டும். முதலிலேயே கலந்தால் சேறு.

இடது கண்ணுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. வலது கண்ணில் வெளிச்சம் பட்டால் கூசுகிறது, தாளைச் சாய்த்தால் பளபளப்புக்குப் பதில் ஒரு வெள்ளைப் பரவல்தான் தெரிகிறது என்று சொன்னார். போன ஞாயிறு சித்திரக்குளத்தில் அவர் மடக்கு நாற்காலி, பக்கத்தில் என் முக்காலி. வானத்துக்கு வாஷ் போட்டுவிட்டு, பிரஷ்ஷில் தென்னந்தலைகளுக்கான கலரை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, "எப்போன்னு நீ சொல்லு" என்றார்.

நான் கழுத்தைச் சாய்த்து அவர் தாளைப் பார்த்தேன். மேல் பாதி அடங்கிவிட்டது, கீழே இன்னும் குளம். "இன்னும் இல்ல சார்." வடக்கிலிருந்து கொஞ்சம் காற்று. "இன்னும் இல்ல." ஒரு காகம் படியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. கீழ் ஓரத்தில் குளம் பட்டாக மாறியது.

"இப்ப வைங்க சார்."

வைத்தார். தென்னந்தலை வானத்துக்குள் மெத்தென்று பரவி, ஒரு விரல் அகலம் போய், நின்றது.

"எத்தனை நிமிஷம்?"

"பதினொண்ணு சார்."

"பின்னாடி எழுதிடு" என்று பென்சிலை என்னிடம் நீட்டினார்.